டியூக்கின் வயிறும் அஞ்சுகத்தின் கையும்

மில் முதலாளி தணிகாசலத்தின் நாய் டியூக்குக்கு வயிறெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. தப்பு யாருடையது? வேறு யாருடையது, வேலைக்காரி அஞ்சுகத்துடையதுதான்!

சம்பந்தி வீட்டார் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"கையைக் காட்டுடி!"

முழங்கை வரை வெடித்துச் சிவந்து கிடந்தது.

"பார்த்தீங்களா! இவ சொறிதான் என் நாய்க்கு ஒட்டியிருக்கு. நாளைக்குள்ள குணமாக்கு, இல்லேன்னா போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பேன்!"

அஞ்சுகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"நான் தொட்டாலே ஒட்டிக்குமுங்களா?"

"பின்னே, ஒட்டாதா?"

"அப்படின்னா எல்லாரும் இலையை விட்டு எந்திரிச்சிருங்க. இடியாப்பத்துக்கு மாவு பிசைஞ்சது இந்தக் கைதானுங்க."

சம்பந்தியம்மாள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தாள்.

முதலாளியம்மா பதறினாள். "ஐயோ, ஒட்டாதுங்க! மூணு வருஷமா இவ சமையல்தான், எங்களுக்கு ஒண்ணும் வந்ததில்லே!"

"அப்ப எனக்கும் நாய்க்கும் மட்டும் ஏனுங்கம்மா வந்துச்சு?"

அஞ்சுகம் வாளியைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் டொக்கென்று வைத்தாள். தரை கழுவும் மருந்தின் நெடி குப்பென்று அடித்தது. டியூக் ஓடிப்போய் சோபாவுக்கு அடியில் பதுங்கியது.

"தினமும் நாயை இதுல குளிப்பாட்டச் சொன்னீங்க. தண்ணி கலந்தா கிருமி சாகாதுன்னீங்க. இப்ப உங்க கையை இதுல முக்குங்க. அப்புறம் போலீஸைக் கூப்பிடுங்க."

முதலாளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டிரைவர், டியூக்கை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ!" என்று கத்தினாள் முதலாளியம்மா.

நாய் ஏறுவதற்கு முன்பே அஞ்சுகம் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்ல மனுஷங்க ஆஸ்பத்திரிக்கு விடுப்பா."