ராஜா முகம் மட்டும் தெரிந்த ஜன்னல்

உங்கள் முப்பாட்டனுக்கும் முன்னால், மருதஞ்சீமை என்றொரு நாட்டை அழகேச ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு ஆசை பிடித்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

அரண்மனை அலங்காரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பேரின்பராயர். அவர் ஒருநாள் பழைய தேக்கு ஜன்னல் ஒன்றைப் பெயர்த்து, மயிலும் கொடியும் செதுக்கிய அந்தச் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்து ராஜா முன்னால் வைத்தார். ராஜா பார்த்தார். மீசையை முறுக்கினார். அவ்வளவுதான், மனுஷன் மயங்கிவிட்டார்!

"ராயரே, இதுபோல எனக்கு அரண்மனை நிறைய வேணும்!"

அரண்மனை ஜன்னல்களெல்லாம் கண்ணாடியாயின. அப்படியும் ஆசை அடங்கவில்லை. ராயர் ஆட்களோடு நெசவாளர் தெருவுக்குள் புகுந்தார். அங்கே வீட்டுக்கு வீடு சித்திர வேலை செய்த பழைய ஜன்னல்கள். எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு, ஓட்டையில் பலகையை வைத்து அறைந்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தெருவில் நாச்சியார் என்றொரு நெசவுக்காரி. அவள் மகள் சிவந்திக்கு நடக்க வராது. ஜன்னலோரம் படுத்துத் தெருவைப் பார்ப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் சந்தை, திருவிழா எல்லாம். பலகை அடித்ததிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபடும்! நாச்சியார் அழுதுகொண்டே மந்திரி திருமேனியிடம் ஓடினாள்.

"இப்போ சொன்னா ராயர் ஆயிரம் சமாதானம் சொல்லுவார். நாளைக் காலையில முறை ஜன்னலுக்குக் கீழே வந்து நில்லும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் மந்திரி.

முறை ஜன்னல் என்பது அந்த நாட்டு வழக்கம். தினமும் காலையில் அரண்மனை ஜன்னல் வழியாகக் குடிமக்களில் ஒருவர் முகத்தையாவது பார்த்து, குறை கேட்ட பிறகுதான் ராஜா பலகாரத்தில் கை வைக்கலாம். கண்ணாடி ஆகாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அன்று சபையில் மந்திரி மெல்ல இழுத்தார். "மகாராஜா, இருக்கிறதிலேயே நேர்த்தியான சட்டத்தை ராயர் விட்டுட்டாரே! முறை ஜன்னலைச் சொல்றேன்."

ராயருக்கு வயிறு எரிந்தது. நல்ல யோசனை மந்திரிக்குப் போவதா? "அதை நானே சொல்றதா இருந்தேன் மகாராஜா! பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடறேன்!"

முடித்தும் விட்டார், புண்ணியவான்.

மறுநாள் காலை ராஜா முறை ஜன்னலில் தன் அழகை ஆசை தீரப் பார்த்தார். நெய் மணக்கப் பொங்கல் வந்தது. கை வைக்கப் போனவரை மந்திரி தடுத்தார்.

"குடிமக்கள் முகம் பார்க்கலையே, ராஜா?"

"வேற ஜன்னல் வழியாப் பார்க்கறேன்."

"எல்லாத்தையும் கண்ணாடி ஆக்கிட்டாரே நம்ம ராயர்!"

ராயர் பதறிப்போய்த் தன் தலையைக் கண்ணாடியில் தெரியும்படி நீட்டினார். "நானும் குடிமகன்தானே மகாராஜா!"

"சரி, உம்ம குறையைச் சொல்லும்" என்றார் மந்திரி.

"எனக்கென்ன குறை? ராஜா தயவுல சௌக்கியமா இருக்கேன்."

"அப்போ குறை கேட்டதா ஆகலையே! பொங்கலை எடுத்துட்டுப் போங்கப்பா."

ராஜாவின் வயிறு கடமுடா என்றது. அந்த நேரம் வெளியே ஏதோ குரல். "கீழே யாரோ கூப்பிடறாங்களே?"

"யாரையும் காணோமே ராஜா! நீங்களே பாருங்க. உங்க முகம் மட்டும்தானே தெரியுது?"

ராஜா பார்த்தார். முறுக்கப் போன கை மீசையிலேயே நின்றுவிட்டது. முகம் சிறுத்துப் போயிற்று.

"கழட்டுங்கடா இதை!"

கண்ணாடி போனதும், வெயிலில் நின்ற நாச்சியார் தெரிந்தாள். ராஜாவின் வாடின முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"ஐயோ மகராசா, சாப்பிடலையா? முதல்ல சாப்பிட்டு வாங்க. எம் பொண்ணுதான் சோறு இறங்காமக் கிடக்கா, நீங்களுமா?"

விஷயத்தைக் கேட்ட ராஜா துடித்துப் போனார். "ராயரே, பெயர்த்த ஜன்னலையெல்லாம் உங்க தலையில சுமந்துட்டுப் போய் வீடு வீடா மாட்டணும். முதல் வீடு இந்த அம்மா வீடு!" என்றார். மந்திரியின் தோளில் தன் சால்வையைப் போர்த்திவிட்டு, நாச்சியாரின் பின்னாலேயே நடந்தார்.

ஜன்னல் ஏறியது. வீட்டுக்குள் வெளிச்சம் விழுந்தது. சிவந்தி எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டு ஜன்னலைத் தலையில் வைத்துக்கொண்டு, தலைப்பாகை கண்ணை மறைக்க, ராயர் தெருவில் தள்ளாடி வந்தார். பிள்ளை கலகலவென்று சிரித்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

நாச்சியார் கம்பங்கூழைக் கரைத்து எடுத்து வந்தாள்.

"எனக்கும் ஒரு கிண்ணம் தாயி" என்று அந்தப் பிள்ளை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார் ராஜா.