பன்னிரண்டு நொடி

"என் பேரை அடிச்சிருங்க கோச்," என்றார் திருமூர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம். பத்துப் பேர் சைக்கிளில் போகிறார்கள். மூன்று வருஷமாக அவர் வேனில்தான் போனார். வாழைப்பழமும் தண்ணீரும் கொடுக்க. இந்த வருஷமாவது மிதித்து ஏற வேண்டும் என்று ஆசை.

கோச் சுகந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. திருமூர்த்திக்கு ஐம்பத்தொன்று. விசைத்தறி மெக்கானிக்.

"எதுக்குங்ண்ணா அடிக்கணும்?"

"இருவது நிமிசம் நூத்தம்பது வாட் மிதிக்கணும்னீங்க. மூணு மாசமா முக்கறேன். நூத்தி இருவத்தெட்டத் தாண்ட மாட்டேங்குது. செத்த காலுங்க."

"எந்த மெஷின்ல?"

"இதுலதான்."

பயிற்சிக்கூடத்தின் மூலையில் நின்றது அது. சைக்கிளின் பின்சக்கரம் ஓர் உருளைமேல் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடம் மாறாது. கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று திரை வாட் கணக்கில் காட்டும்.

"மெஷின் சரியா காட்டுதான்னு செக் பண்ணீங்களா?"

"தினமும் பண்றேனுங்க."

"என் முன்னால பண்ணுங்க."

பத்து நிமிஷம் சூடேற மிதித்தார். வேகம் ஏற்றினார். 'மிதிக்காதே' என்றது திரை. கால் நின்றது. சக்கரம் தானாகச் சுற்றியது. தானாக நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று மெஷின் எண்ணும். அதை வைத்துத்தான் தன் இறுக்கத்தை அது தெரிந்துகொள்ளும்.

சத்தம் தணிந்தது. திருமூர்த்தியின் வலது கால் ஓர் அழுத்து அழுத்தியது. மறுபடி தணிந்தது. மறுபடி ஓர் அழுத்து.

இருபத்தொன்று என்றது திரை.

"தினமும் இருவத்தொண்ணுதானுங்க," என்றார் பெருமையாக.

"கால் எதுக்கு அசைஞ்சுது?"

"அசையலைங்களே."

தறிச் சத்தம் தணிந்தால் மறுபடி ஓட்டிவிட அவர் கை தானாக நீளும். முப்பது வருஷப் பழக்கம். இங்கே கால் அசைந்தது அவருக்கே தெரியாது.

"மறுபடி."

வேகம் ஏற்றினார். 'மிதிக்காதே' என்றது திரை. சுகந்தா சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். சைக்கிள் பிரேமுக்குள் ஒரு கையை விட்டு, அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

திருமூர்த்தி பதறினார். "ஐயோ கோச்! எங்காலப் போய் நீங்க புடிக்கறதா!"

"பேசாதீங்க."

"நின்னுரும் கோச்!"

"நிக்கட்டும்."

அவள் கைக்குள் கால் துள்ளியது. அவள் விடவில்லை. சத்தம் தணிந்தது. இன்னும் தணிந்தது. நின்றது.

பன்னிரண்டு.

"இப்ப மிதிங்க," என்று எழுந்தாள்.

மிதித்தார். இருபது நிமிஷம். வேர்வை தரையில் சொட்டியது. திரையில் நூற்று ஐம்பத்துமூன்று.

நெடுநேரம் அதையே பார்த்தார்.

"அதே காலுங்களா கோச்?"

"நேத்து வந்த காலுதான்."

"அப்ப மூணு மாசமா இந்த மெஷின் என்னை ஏமாத்திருச்சா?"

"நிக்கப் போறப்பல்லாம் நீங்க தள்ளி விட்டீங்க. தான் ரொம்ப லேசுன்னு அது நெனச்சுக்கிச்சு. உங்க உழைப்பக் கொறச்சுக் காட்டுச்சு. பன்னெண்டு நொடி சும்மா இருக்கச் சொல்லித்தான் அது கேட்டுச்சு."

திருமூர்த்தி இறங்கினார். பழந்துணி ஒன்றை எடுத்தார். மெஷினைத் துடைத்தார். உருளையைத் துடைத்தார். திரையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ண்ணா."

"சொல்லுங்க கோச்."

"என்ன பண்றீங்க?"

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணுமுங்க. அதான்..."

"துணியக் கீழ வைங்க."

வைத்தார். கை இரண்டும் சும்மா தொங்கின. வாய் திறந்தது. கண்தான் நிறைந்தது.

அப்படியே நின்றார்.

"சொல்லியாச்சு," என்றாள் சுகந்தா.