கம்பத்தடியில் வர்க்கி எழுதியது

சத்தியம், சத்தியம், மூன்றாம் முறையும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் டம்ளர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் என் பல்செட்டு எழுந்து வந்து என் காதையே கடிக்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு ஊரில் மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் ஓர் இரும்புக் கரண்ட் கம்பம் நின்றது. அதன் பல்பு போன தேர்தலுக்கு முந்தைய தேர்தலில் எரிந்ததோடு சரி. மனிதர்கள் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஊர் நாய்களுக்கு அதுதான் எல்லாம்.

நாய்கள் எப்படி எழுதும் என்று உங்களுக்குத் தெரியும். காலைத் தூக்கும், முடிந்தது. அடுத்து வருகிற நாய் மூக்கை வைத்து ஒரு வரி விடாமல் படிக்கும். பிடித்திருந்தால் அதுவும் காலைத் தூக்கும். பிடிக்காவிட்டாலும் தூக்கும். பதில் போட்டாயிற்று. யார் என்ன தின்றார்கள், யாருக்கு யார்மேல் கோபம், எந்தக் கல்யாண மண்டபத்தில் இன்று இலை விழும், எல்லாம் அங்கே கிடைக்கும்.

கம்பத்துக்கு இதில் ஏகப் பெருமை. "தினம் இருநூறு பேர் வந்து போறாங்க. பிள்ளையார் கோயில்லகூட இவ்வளவு கூட்டம் இல்ல" என்று எதிரே நின்ற தபால்பெட்டியிடம் சொல்லும். தபால்பெட்டி பதில் சொல்லாது. அதன் வயிற்றுக்குள் ஒரு குருவி முட்டையிட்டிருந்தது. அதற்கு அந்தக் கவலை.

முச்சந்தி டீக்கடை வாசலில் இரண்டு நாய்கள் இருந்தன. அக்காள் பெயர் வர்க்கி, தம்பி பெயர் பொறை. டீக்கடைக்காரர் எதைப் போட்டு வளர்த்தாரோ அதையே பெயராகவும் வைத்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை நாய்வண்டி வந்து, ஊசி போட்டு ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று வர்க்கியை ஏற்றிக்கொண்டு போனது. ஒரு வாரத்தில் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. வாரம் ஆனது, வர்க்கி வரவில்லை.

பொறைக்கு உலகத்தில் இருந்தது அந்த ஓர் அக்காள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பத்துக்குப் போய் எழுதினான்: "என் அக்கா வர்க்கியைக் காணோம். வலது காது மடங்கியிருக்கும். யாராச்சும் பாத்தீங்களா?"

மறுநாள் போய் முகர்ந்து பார்த்தான். மூன்று பதில் வந்திருந்தது.

சிங்காரம் என்று ஒரு நாய். அது "காலை வணக்கம், இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று போட்டிருந்தது. ஊரிலுள்ள அத்தனை கம்பத்திலும் அது அதையேதான் போடும். வக்கீல் வீட்டு வாசலில் படுக்கிற நாய்க்கு வக்கீல் என்றே பெயர். அவன் "மடங்கினது வலது காதுதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருந்தான். மாடிவீட்டுப் பொமரேனியன், சங்கிலியில் இழுபட்டுப் போகிற அவசரத்தில், "சூப்பர்" என்று மட்டும் போட்டிருந்தாள்.

"அண்ணே, அக்காவைக் காணோம்னு எழுதினா சூப்பர்ங்கிறாளே" என்றான் பொறை.

"நல்ல பொண்ணுதான், நேரமில்ல பாவம்" என்றது கம்பம். "தப்பு உன் பேர்ல, தம்பி. நீ ரொம்ப அடியில எழுதுற. மூக்கு மட்டத்துக்கு எழுதினா நாலு பேர் படிப்பாங்க. மூக்குக்கு மேல எழுதினா நாப்பது பேர் அண்ணாந்து படிப்பாங்க. அப்புறம் வாசனைன்னு ஒண்ணு இருக்கு. டீத்தூள் வாசனைக்கு யார் நிப்பா? காரசாரமா எதையாவது தின்னு. முதல்ல உனக்குன்னு ஒரு கூட்டம் சேரட்டும். அப்புறம் அக்கா விஷயத்தைச் சொல்லு, ஊரே தேடும்."

பொறைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிரியாணிக் கடைக்குப் பின்னால் போய்த் தின்றுவிட்டு வந்து, "நேத்து முழுக்கோழி சாப்பிட்டேன்" என்று எழுதினான். உண்மையில் கழுத்து மட்டும்தான். ஒன்பது பதில் வந்தது. மறுநாள், "ஒரு பூனையை விரட்டினேன்" என்று எழுதினான். உண்மையில் பூனைதான் அவனை விரட்டியது. பதினாறு பதில். வக்கீல்கூட ஆதாரம் கேட்கவில்லை.

அதற்குப்பிறகு பொறை தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் குடித்தான். எழுத மை வேண்டாமா? பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடிப்போய் யார் வந்தார்கள் என்று முகர்ந்தான். டீக்கடை வாசலை விட்டுவிட்டு, வக்கீல் கோஷ்டியோடு பிரியாணிக் கடைக்குப் பின்னால் படுத்தான். தூக்கத்தில்கூட ஒரு கால் தூக்கியபடியே இருந்தது. அக்காள் விஷயத்தை எழுதலாம் என்று தோன்றும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் கூட்டம் சேரட்டுமே என்றும் தோன்றியது.

இப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் முச்சந்திக்குள் ஓர் அந்நிய நாய் நுழைந்தது. வயிற்றில் முடி மழித்திருந்தது. உடம்பெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. காது மடங்கியிருந்ததோ நிமிர்ந்திருந்ததோ, யார் பார்த்தார்கள்? அந்த வாடையே போதுமாக இருந்தது.

"எவண்டா அது நம்ம ஏரியாவுக்குள்ள?" என்று வக்கீல் குரைத்தான். ஏழெட்டு நாய்கள் எழுந்து நின்றன. எல்லாரும் பார்க்கிறார்களே என்று பொறை முன்னால் பாய்ந்தான். அந்நிய நாய் அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பிறகு சட்டென்று திரும்பி ஓடிவிட்டது.

"ஒத்தை ஆளா விரட்டிட்டியே, மாப்ள" என்றான் வக்கீல்.

அன்று பொறை எழுதியதற்கு நாற்பத்தோரு பதில். "இந்த மாசம் நீதான் தம்பி ராஜா" என்றது கம்பம்.

ராஜாவுக்கு நாற்பத்தொன்று போதவில்லை. நான்கு நாள் கழித்து, இதுவரை எந்த நாயும் எழுதாத உயரத்தில் எழுதப்போவதாக அறிவித்தான். கூட்டம் கூடியது. பொறை முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களைக் கம்பத்தில் வைத்துச் சர்க்கஸ்காரன்போல் பின்பக்கமாக ஏறினான். பாதி ஏறியதும் வழுக்கியது. பொத்தென்று விழுந்தான். மூக்கு நேராகக் கம்பத்தின் அடியில், சிமெண்டு வெடித்திருந்த சந்தில் போய்ச் செருகிக்கொண்டது.

செருகிய மூக்கு சும்மா இருக்குமா? படித்தது. முதலில் அவன் எழுத்துதான்: முழுக்கோழி, பூனை, அந்நியன். அதற்கடியில் ஆஸ்பத்திரி வாடை. அதற்கும் அடியில், ஒரே மடியில் பால் குடித்த வாசனை.

"டேய் பொறை, வண்டிக்காரன் ஊர்க்கோடியில இறக்கி விட்டுட்டான். நடந்து வந்துட்டேன். தெருவுக்குள்ள விடமாட்டேங்கிறாங்க. மீன் மார்க்கெட்ல ஐஸ்பெட்டிக்குப் பின்னால இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போ."

பக்கத்திலேயே இன்னொன்று: "நேத்தும் எழுதினேனே, பாக்கலையா?"

இன்னொன்று: "சாப்டியாடா?"

வர்க்கி உட்கார்ந்து எழுதுபவள். அவள் எழுத்தெல்லாம் அடியில்தான் இருக்கும். தம்பி உயரத்தில் எழுதியதெல்லாம் வழிந்து வழிந்து அக்காளின் மேலேயே விழுந்திருந்தது.

பொறை மூக்கைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். "அண்ணே, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நாலு நாளா உச்சி வெயில்ல, நீங்கள்லாம் தூங்குறப்ப வந்து எழுதிட்டுப் போறா."

"ஏன் சொல்லல?"

"அது அமைதியான வாசனை, தம்பி. அதுக்குக் கூட்டம் நிக்காது" என்றது கம்பம். "அதை விடு. இப்ப தலைகுப்புற விழுந்தியே, அதை எழுதேன். நூறு தாண்டும்."

பொறை எழுதவில்லை, ஓடினான். வழியில் மூன்று கம்பம், ஒரு லாரி டயர், அன்றைக்குத்தான் வாங்கி மாலை போட்டு நிறுத்தியிருந்த ஒரு பைக். எதிலும் அவன் கால் தூக்கவில்லை. அவன் குடித்திருந்த தண்ணீருக்கு அது லேசுப்பட்ட தியாகம் இல்லை.

ஐஸ்பெட்டிக்குப் பின்னால் வர்க்கி படுத்திருந்தாள்.

"வந்துட்டியா. என்னடா வயிறு பானை மாதிரி இருக்கு? வெறும் தண்ணியா குடிக்கிறியா?"

"அக்கா, அன்னிக்கு உன்னை விரட்டினது..."

"நீதான். தெரியும். நாலு குரைப்புக்கு மேல மூச்சு வாங்குறது இந்த ஊர்ல உனக்கு மட்டும்தானே."

"அப்ப ஏன் ஓடின? நான்தான் வர்க்கின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பார்த்தா, அத்தனை பேரும் உன்னை வீரன் மாதிரி பாத்துட்டு நிக்கிறாங்க. உன்னைப் பார்த்து யாரும் ஓடினதே இல்லையேடா. நாமளாவது ஓடுவோம்னு ஓடினேன்."

பொறை அவள் கழுத்தில் மூக்கை வைத்தான். ஆஸ்பத்திரி வாடைக்குக் கீழே அக்காள் அப்படியே இருந்தாள். இருட்டும்வரை படித்தான்.

இருவரும் சேர்ந்து முச்சந்திக்கு வந்தபோது வக்கீல் உறுமினான்.

"என் அக்கா" என்றான் பொறை.

"ஆதாரம்?" என்றான் வக்கீல்.

பொறை கடித்தான். அது ஆதாரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அன்றைக்குப் பொறை கம்பத்தின் அடியில், தரையோடு தரையாக, "அக்கா கிடைச்சாச்சு" என்று எழுதினான். இரண்டே பதில் வந்தது. ஒன்று காலை வணக்கம். இன்னொன்று, சங்கிலியில் இழுபட்டபடி குனிந்து பார்த்துப் போட்டது: "சூப்பர்." இந்தத் தடவை அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த ஆடிக் காற்றில் கம்பம் விழுந்துவிட்டது. இருநூறு பேர் தினம் காட்டிய அன்பில் அடி முழுக்கத் துரு. கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து, எப்படித் துருப்பிடித்தது என்று தலையைச் சொறிந்தார்கள். கடல் காற்றுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். கடல் அங்கிருந்து நூற்றிருபது மைல். சிமெண்டுக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். சிமெண்டு காய்வதற்குள் வரிசை நின்றது.

இதையெல்லாம் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விசாரணை என்று வந்தால் எனக்குச் சங்கடம். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கிய அவசரத்தில், அந்தப் பழைய கம்பத்தில் நானும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். அப்புறம் டீ குடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்து எண்ணினேன்.

ஏழு பேர் பதில் போட்டார்கள்.