சின்னக் குடைக்கு ஒரு கையெழுத்து

“எனக்கு எப்போ மேடம் சின்னக் குடை?”

ரெஜினா நிமிரவில்லை. கொட்டகையின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, யாரோ குதித்துவிட்டுப் போட்ட பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர் பொன்னம்பலம். கால்நடை மருத்துவர். வயது நாற்பத்தெட்டு. விமானத்திலிருந்து முப்பத்தெட்டு முறை குதித்திருந்தார்.

அவருக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவரைவிடப் பதினான்கு வயது சின்னவள். மூவாயிரம் முறைக்கு மேல் குதித்தவள்.

அந்தப் பழைய ஓடுதளத்தில் பாராசூட்டை யாரும் பாராசூட் என்று சொல்வதில்லை. குடை என்பார்கள். யார் எந்தக் குடையில் குதிக்கலாம் என்பது ரெஜினா போடும் கையெழுத்தில் இருந்தது.

“எத்தனை நாளைக்கு மேடம் இந்த மஞ்சள் குடையிலேயே தொங்கறது? எல்லாரும் கேலி பண்றாங்க. டவுன் பஸ்னு பேரு வச்சிருக்காங்க.”

“நேத்து எங்கே இறங்கணும்னு நினைச்சீங்க?”

மைதானத்தின் நடுவில் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டத்தைக் காட்டினார்.

“எங்கே இறங்கினீங்க?”

கை மெதுவாக நகர்ந்து, வேலிக்கருவேலம் புதர்ப் பக்கம் போய் நின்றது.

“நடந்து பாருங்க.”

நடந்தார். வெயிலில் போய், வெயிலில் திரும்பினார்.

“நூத்தி நாப்பது அடி எடுத்து வைக்கணும்.” சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நேத்து காத்து ஜாஸ்தி மேடம்.”

“நேத்து எல்லாருக்கும் அதே காத்துதான் அடிச்சுது.”

அவ்வளவுதான் சொன்னாள். மடிப்பை முழங்காலால் அழுத்திப் பைக்குள் திணித்தாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னம்பலம் சொந்தமாக ஒரு பை கொண்டுவந்தார்.

குதிப்பதை விட்டுவிட்ட ஒருவரிடம் வாங்கியது. கொட்டகையின் ஓரத்தில் அதை விரித்துக் காட்டினார். சிவப்பும் கறுப்புமாகப் பளபளத்தது. நூற்று முப்பத்தைந்து சதுர அடி. அதுவரை அவர் தொங்கிய மஞ்சள் குடை இருநூற்று முப்பது.

ரெஜினா பையைப் புரட்டினாள். ஒரு உறைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். விரல் வெறுமனே திரும்பியது.

“தானா திறக்கிற கருவி எங்கே?”

தரை நெருங்கியும் ஒருவர் குடையை விரிக்காமல் விழுந்துகொண்டிருந்தால், உயரத்தையும் வேகத்தையும் பார்த்து மாற்றுக் குடையைத் தானே திறந்துவிடும் கருவி அது.

“அந்த ஆள் அதை மட்டும் தனியாக் கழட்டி வேற யாருக்கோ கொடுத்துட்டாராம். அது அவசியமா மேடம்? கை இருக்கு. இழுக்கத் தெரியும்.”

“மாட்டுக்கு மயக்க ஊசி போடுவீங்க இல்ல டாக்டர்?”

“போடுவேன்.”

“போட்டதும் அதுக்குக் கால் இல்லாமப் போயிடுமா?”

“இருக்கும்.”

“நிக்குமா?”

பொன்னம்பலம் பையின் வாரை இழுத்து நேராக்கினார்.

“மேலே கூட வர்றவரோட முழங்கால் உங்க நெத்தியில பட்டுதுன்னா, அதுவும் ஊசிதான்.”

அவருக்குக் கோபம் வந்தது. சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் அது கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

“கருவி வாங்கிப் போட்டுக்கறேன். குடைக்குக் கையெழுத்துப் போடுங்க. முடியாதுன்னா வேற மைதானம் பாத்துக்கறேன். என் குடை. என் உயிர்.”

ரெஜினா எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

“போடறேன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

“செவ்வாய்க்கிழமை என்கூட ஒரு வீட்டுக்கு வரணும். வந்துட்டு, அதுக்கப்புறமும் கேட்டீங்கன்னா போடறேன்.”

“யார் வீடு?”

அதற்குள் அவள் அடுத்த குடையின் நூல்களைச் சிக்கெடுக்கத் தொடங்கியிருந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே தூறல். பொன்னம்பலத்தின் காரில்தான் போனார்கள். இரண்டு மணி நேரப் பயணம். வழி சொன்னதைத் தவிர ரெஜினா எதுவும் பேசவில்லை.

ஒரு சிறு நகரம். லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். கடைசி வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். வரதராஜு. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது முதுகு வளைந்திருந்தது.

“வாம்மா,” என்றார். பொன்னம்பலத்தைப் பார்த்து, “வாங்க,” என்றார். யார் என்று கேட்கவில்லை.

சுவரில் ஒரு வாலிபனின் படம். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். சந்தனப் பொட்டு. காய்ந்த மாலை.

“என் மகன். கமலக்கண்ணன்,” என்றார் வரதராஜு. “இவங்கதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க.”

உள் அறையின் கதவு அரை அடி திறந்தது. வளையல் போட்ட ஒரு கை மூன்று காபி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தது. கதவு மூடிக்கொண்டது.

“அவன் அம்மா வெளியில வரமாட்டா,” என்றார் வரதராஜு. “இவங்க வந்தா வரமாட்டா.”

டம்ளர்களை அவரே எடுத்துக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ரெஜினா எதிரில் பாயில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். பரீட்சை எழுத வந்த பிள்ளையைப் போல இருந்தாள்.

வரதராஜு கேட்டார்.

“அன்னிக்குக் குடை விரிஞ்சுதாம்மா?”

“விரிஞ்சுது.”

“கிழிசல் ஏதாவது?”

“இல்லை. நல்லா விரிஞ்சுது.”

“அப்புறம் எப்படி?”

“தரைக்குப் பக்கத்துல வந்ததும் காத்து பின்னாலிருந்து வருதுன்னு தெரிஞ்சுது. காத்துக்கு எதிரா இறங்கணும்னு சட்டுனு திருப்பிட்டான். சின்னக் குடையைத் திருப்பினா அது சரிஞ்சு கீழே பாயும். நிமிர்றதுக்கு உசரம் பத்தலை.”

“எவ்வளவு உசரத்துல திருப்பினான்?”

“ரெண்டு பனைமரம்.”

“பெரிய குடையா இருந்திருந்தா?”

“கால் உடைஞ்சிருக்கும்.”

“உசிரு?”

“இருந்திருக்கும்.”

மழை ஓட்டின் மேல் விழும் சத்தம் கேட்டது.

“அப்போ அவன் எத்தனை தடவை குதிச்சிருந்தான்?”

“அறுபத்தி ரெண்டு.”

“போதுமா அது?”

“போதாது.”

“போதாதுன்னு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“சின்னக் குடைக்கு யாரும்மா சரின்னது?”

“நான்தான். தினம் கேட்டான். சலிச்சுப்போய்ச் சரின்னேன்.”

கடைசிப் பதிலில்கூட அவள் குரல் தாழவில்லை. பொன்னம்பலத்துக்குத்தான் காது கூசியது. எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. கையிலிருந்த காபியில் ஆடை கட்டியிருந்தது.

வரதராஜு தலையசைத்தார். வெகுநேரம் அசைத்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா. காபி ஆறிடும். குடி.”

*

திரும்பும் வழியில் மழை வலுத்தது. வைப்பர் கிரீச்சிட்டுக்கொண்டே வந்தது.

“எத்தனை வருஷமா வர்றீங்க?”

“நாலு.”

“மாசாமாசமா?”

“ம்.”

“இதே கேள்விங்களா?”

“இதேதான்.”

“பெரியவருக்கு மறதியா?”

“இல்லை. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு.”

“அப்புறம் ஏன் மேடம் போறீங்க?”

“இன்னும் கேக்கறாரே.”

ஒரு ஆற்றுப் பாலம் வந்தது. பாலம் தாண்டியதும் பொன்னம்பலம் காரை ஓரம் கட்டினார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே பார்த்தபடியே பேசினார்.

“கேலி பண்றாங்கன்னு சொன்னது ஒரு சாக்கு. அதுக்காகக் கேக்கலை.”

ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள்.

“போன வருஷம் என் சம்சாரம் தவறிட்டா. சரோஜினி. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன். கதவைத் தாண்டிக் குதிச்சதும் நாப்பது விநாடி எதுவுமே ஞாபகம் வராது. அந்த நாப்பது விநாடிக்காகத்தான் வர்றேன். குடை விரிஞ்சதும் ஒரே அமைதியாயிடுது. அப்போ எல்லாம் வந்துடுது. மஞ்சள் குடையில கீழே வர ஆறு நிமிஷம் ஆகுது மேடம். சின்னதுன்னா மூணே நிமிஷத்துல தரைக்கு வந்துடலாம். அந்த ஆறு நிமிஷம் என்னால தாங்க முடியலை.”

லாரி ஒன்று தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது.

“எனக்கும் அந்த வீட்டுல ஆறு நிமிஷம்தான் ஆகுது, டாக்டர்,” என்றாள் ரெஜினா.

பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“கையெழுத்துப் போட வேண்டிய தாள் கொண்டுவந்திருக்கீங்களா?”

சட்டைப்பையில்தான் இருந்தது. பொன்னம்பலம் அதை எடுக்கவில்லை. கியரைப் போட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை அவராகவே போய் மஞ்சள் குடையை எடுத்து மாட்டிக்கொண்டார். யாரோ “டவுன் பஸ் கிளம்பிடுச்சு,” என்றார்கள். அவர் ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிபார்த்தார். மணிக்கட்டில் இருந்த உயரமானியைப் பார்த்தார். தானாகத் திறக்கும் கருவியின் பச்சை விளக்கைப் பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கச் சொன்னார்.

“எரியுது,” என்றார் அந்த ஆள்.

பத்தாயிரம் அடியில் விமானத்தின் கதவு திறந்தது. குதித்தார்.

நாற்பது விநாடி. காற்று மட்டும்தான் இருந்தது.

பிறகு இழுத்தார். தோளில் வெட்டென்று ஒரு இழுப்பு. தலைக்கு மேலே மஞ்சள் சதுரம் உப்பி நின்றது. உலகம் நிசப்தமானது.

சரோஜினி வந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போயிடலாங்க,” என்றாள். “நாளைக்குப் போலாம்,” என்றார் அவர். அன்று அவருக்கு வெளியூரில் இரண்டு சினை மாடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. நாளை வந்தது. வீட்டுக்குப் போனார்கள். ஆம்புலன்ஸில் போனார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கைப்பிடியை இழுத்து, குடையைச் சுழற்றி, வேகமாகக் கீழே இறங்கப் பார்ப்பார். அதனால்தான் புதர்ப் பக்கம் போய் விழுந்தார். இன்று கை சும்மா இருந்தது.

“நாளைக்குன்னு சொன்னது நான்தான்,” என்றார். மூவாயிரம் அடி உயரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டியது.

கீழே கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்தார். அது கிழக்கே திரும்பியிருந்தது. நல்ல உயரத்திலேயே, மெல்ல, காற்றை எதிர்நோக்கித் திரும்பினார். தரை வந்தது. இரண்டு கைப்பிடியையும் ஒன்றாக இழுத்தார். குடை மூச்சுப் பிடித்து நின்று, அவரைக் கீழே இறக்கிவிட்டது. காலில் நின்றார்.

சுண்ணாம்பு வட்டம் வரைக்கும் நடந்து பார்த்தார். முப்பத்தொரு அடி.

*

கொட்டகைக்கு வெளியே ரெஜினா நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குடையை வாரிச் சுருட்ட ஒரு கை கொடுத்தாள்.

“அந்தச் சின்னக் குடையை ஒழிச்சுட்டேன் மேடம்,” என்றார் பொன்னம்பலம். மனசு இலேசாக இருந்தது. “வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கப் பிடிக்கலை. வாட்ஸ்அப்புல போட்டேன். ஒருத்தர் உடனே வந்துட்டாரு.”

“யாரு?”

“திலீபன்னு பேரு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போனாரு. ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.”

“எத்தனை தடவை குதிச்சவரு?”

பொன்னம்பலத்தின் கைகள் மஞ்சள் துணியின் மேல் நின்றன.

காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டிருந்தார். பை கனக்கிறதா, நான் தூக்கட்டுமா என்றுகூடக் கேட்டிருந்தார்.

“மேடம்…”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை டாக்டர். எல்லா மைதானத்துலயும் குதிக்கிற நாள்.”

குடையை அப்படியே போட்டார். கொட்டகைக்குள் ஓடி, பையைக் கவிழ்த்து, போனை எடுத்தார். சிக்னல் இல்லை. பெட்ரோல் டிரம்கள் வைத்திருக்கும் மேட்டில்தான் கிடைக்கும். ஓடினார். ஹெல்மெட் இன்னும் தலையில் இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

மணி போனது. முழுதாகப் போய் நின்றது.

மறுபடி போட்டார்.

கீழே ரெஜினா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ, எந்த மைதானத்திலோ, யாருடைய பையிலோ, மணி போய்க்கொண்டிருந்தது.