முளை நேராகத்தான் நிற்கிறது

துப்பாக்கிக்குக் குழல் மாற்றிக் கொடுக்கும் எஸ்தருக்கு ஒரு சிஷ்யர் இருந்தார். பெயர் திருமூர்த்தி. குருவைவிடச் சிஷ்யருக்கு இருபது வயது கூடுதல், மீசையும் பெரிது. போலீஸ் ஆயுதக் கிடங்கில் காலமெல்லாம் துப்பாக்கி துடைத்து ஓய்வு பெற்றவர். துடைக்கத் தெரியும், அது எப்படி நேராகச் சுடுகிறது என்பது மட்டும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, கோவையில் சுடுதளத்தை ஒட்டியிருந்த அவள் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்.

அவர் மகள் பூங்கோதை ரிவால்வர் போட்டிகளில் சுடுகிறவள். போன முறை மாநில அணிக்கான தேர்வில் மயிரிழையில் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறை அவள் ரிவால்வருக்குப் போட்டிக்கென்றே கடைந்த புதுக் குழல் வந்து இறங்கியிருந்தது.

“இதை நானே போட்டுக் குடுக்கறனுங்க மாஸ்டர். என்ற புள்ளைக்கு.”

எஸ்தர் தலையசைத்துவிட்டு வேறு வேலையாக வெளியே போனாள்.

பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகினார். திருகு மரை முழுக்க ஏறி, மரை முடிகிற இடத்தில் இருக்கும் குழலின் தோள் போய்த் துப்பாக்கியின் சட்டத்தில் முட்டியது. நுனியில் குறி பார்ப்பதற்காக இருக்கும் முளை மட்டும் உச்சிக்கு வராமல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. குழலைத் திரும்பக் கழற்றி, லேத்தில் மாட்டி, தோளில் ஒரு இழை கடைந்துவிட்டால் முளை உச்சிக்கு வந்துவிடும். அது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒரு இழை கூடிப்போனால் கடைந்ததை ஒட்ட வைக்க முடியாதே என்று பயம். சுவர் ஆணியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டார். முளை நேராக வந்து நின்றது. மட்டம் வைத்துப் பார்த்தார், துளியும் பிசகில்லை. மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் கோதை சுடுதளத்தில் நின்றாள். அப்பா வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அட்டையில் துளைகள் கொட்டிய கடுகு மாதிரி சிதறிக் கிடந்தன.

“தோளை எறக்கு.”

“சரிங்கப்பா.”

“மூச்சைப் புடி. கை ஆடுது பாரு.”

“சரிங்கப்பா.”

அடுத்த சுற்று இன்னும் மோசமாகப் போயிற்று.

“பேரல் தங்கமாட்டம் இருக்குது. உன்ற கையிலதான் கோளாறு!” என்று வெடித்தார்.

கோதை ரிவால்வரைக் காலி செய்து பெட்டியில் வைத்தாள். அழவில்லை.

“ஞாயித்துக்கெழமை தேர்வுக்கு வர்றனுங்கப்பா, உங்களுக்காக. அதோட போதும். இனி இதைத் தொட மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்த திருமூர்த்திக்குக் கண் கலங்கியிருந்தது. பெண் இந்த விளையாட்டை விட்டுவிடுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“மாஸ்டர், முளை நேரா நிக்குது. பேரல் புதுசு. அப்புறம் ஏனுங்க குண்டு செதறுது? புள்ளைக்குக் கை போயிருச்சுங்களா?”

எஸ்தர் பெட்டியைத் திறந்தாள். ரிவால்வர் காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள். குண்டு நிரப்பும் சிலிண்டரைக் கழற்றி வைத்தாள். குழலின் அளவுக்குப் பொருந்துகிற ஈயக்குண்டு ஒன்றையும் பித்தளைக் கம்பியையும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“நுனியிலிருந்து தள்ளுங்கண்ணா. மெதுவா.”

தள்ளினார். ஈயம் ஒரே சீராக உள்ளே போயிற்று. குழல் சட்டத்துக்குள் நுழைகிற இடம் வந்ததும், மரைக்கு நேராக நின்றுவிட்டது. அழுத்தினார். முரண்டு பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தது.

“இங்க புடிக்குதுங்க.”

“பேரல் வந்தப்போ புடிச்சுதா?”

“இல்லீங்க. நான்தான் கம்பி உட்டுப் பார்த்தனே.”

“அப்ப எப்ப வந்துச்சு?”

திருமூர்த்தி சுவரில் தொங்கிய ஸ்பேனரைப் பார்த்தார்.

“நேரா நிக்கோணும்னுதானுங்க இறுக்குனேன். உள்ள துளை நெரிஞ்சுபோச்சு.”

“நேராத்தான் நிக்குது,” என்றாள் எஸ்தர்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையில் மகளிடம் கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

“கழட்டுனா சரியாயிருமுங்களா?”

“கழட்டித்தான் பாக்கணும்.”

ஸ்பேனரை எடுத்துக் குழலைக் கழற்றினார். மறுபடி ஈயத்தை வைத்துத் தள்ளினார். அது எங்கும் நிற்காமல் வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். பிறகு குழலை லேத்தில் மாட்டி, எதற்குப் பயந்தாரோ அந்த ஒரு இழையைக் கடைந்தார். திருகியதும், அளவான இறுக்கத்திலேயே முளை உச்சிக்கு வந்தது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைத் தகடு விட்டுச் சரிபார்த்தார். கடைசியாக இன்னொரு முறை ஈயத்தைத் தள்ளிப் பார்த்தார், தடையில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. ரிவால்வரைப் பெட்டியில் வைத்து மூடினார். ஸ்பேனர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“பேரல் சரியாயிருச்சு. கோதைகிட்ட, தப்பு என்ற மேலதான்னு சொல்லிப்போடறனுங்க.”

“சொல்லுங்க.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஞாயித்துக்கெழமை அவ பொறத்தால நின்னு நான் என்னத்தைச் சொல்லட்டுங்க மாஸ்டர்?”

எஸ்தர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“ஸ்பேனரை ஆணியில மாட்டிட்டுப் போங்கண்ணா.”