டிஸ்கஸுக்கு வால் கிடையாது

“எனக்கு வால்தான் மிஸ் பிரச்சினை,” என்றாள் கிளாடிஸ்.

மார்த்தாண்டத்தில் ஒரு குடைக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் நர்சுகளுக்கு ஜெனோவா மிஸ் அங்கே இங்கிலீஷ் சொல்லித் தந்தாள். பாதிப் பேர் மிஸ்ஸைவிட மூத்தவர்கள். கிளாடிஸும்தான். ஆனாலும் மிஸ் மிஸ்தான்.

“எந்த வால்?”

“வினைச்சொல்லுக்குப் பின்னால ஒண்ணு வருமே மிஸ். வெயிட் வந்தா ஃபார். லிசன் வந்தா டு. டிபெண்ட் வந்தா ஆன். சொல்லு வந்துடுது, வால் வரமாட்டேங்குது. ரெண்டு தடவை பரீட்சைக்குப் போயும் வாய் அடைச்சுப் போச்சு.”

“அந்த அம்மா என்ன கேட்டாங்க?”

“எந்த அம்மா?”

“பரீட்சையில. உங்க முன்னால பேஷண்டா நடிச்சவங்க.”

கிளாடிஸ் யோசித்தாள்.

“ஞாபகம் இல்லையே மிஸ்.”

மிஸ் தலையாட்டினாள்.

*

அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி கிளாடிஸுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பேச்சுப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

அவள் கணவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு லீவுதான் குடித்தனம். அயர்லாந்து போனால் அவனையும் மகளையும் கூட்டிக்கொள்ளலாம். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் சாப்பிடலாம்.

இந்தத் தடவையும் தேறாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

*

கிளாடிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

ஜெபமாலையை எடுத்தாள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சொல், வாலோடு. சஃபர் ஃப்ரம். கம்ப்ளெய்ன் ஆஃப். ரிகவர் ஃப்ரம். பஸ்ஸில் உருட்டினாள். வார்டில் சீருடைப் பைக்குள் கைவிட்டு உருட்டினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

“எம் மருமவ இப்ப எப்பளும் ஜெபத்துலயாக்கும்,” என்று மாமியார் கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள்.

ஒருநாள் வார்டில் ஒரு கிழவர், “சிஸ்டர், கொஞ்சம் தண்ணி,” என்றார்.

“ஆஸ்க் ஃபார்,” என்றாள் கிளாடிஸ்.

கிழவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

“இவளுக்கு என்ன சீக்கு?” என்றார்.

*

இதை வகுப்பில் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் மட்டும் கேட்டாள்:

“தண்ணி குடுத்தீங்களா?”

“குடுத்திருப்பேன் மிஸ்.”

கொஞ்சம் பொறுத்து மிஸ் மறுபடி கேட்டாள். “உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் பயம்?”

“நாய்க்கு.”

“நாயைப் பயம்னு சொல்லலையே. நாயில பயம்னும் சொல்லல. நாய்க்குன்னு சரியா வந்துது. யாரு சொல்லித் தந்தா?”

“நாய்தான்,” என்றாள் கிளாடிஸ்.

மறுபடி சிரிப்பு.

“அதை எழுதி வச்சுக்கோங்க,” என்றாள் மிஸ்.

“எதை மிஸ்?”

மழைச்சாரல் உள்ளே வந்தது. மிஸ் ஜன்னலைச் சாத்தப் போய்விட்டாள்.

*

இன்னொரு நாள்.

“டிஸ்கஸுக்கு என்ன வால்?” என்றாள் மிஸ்.

“அபௌட்!” என்று அறை முழுக்கக் குரல்.

“கிடையாது. டிஸ்கஸ்னாலே அதைப் பத்திப் பேசுறதுதான். தனியா வால் வேண்டாம்.”

“வாலே இல்லாம அது எப்படி மிஸ் நிக்கும்?” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

“உனக்கு இருக்கா? நீ நிக்கலையா?”

கிளாடிஸ் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு ஜெபமாலையில் பெரிய மணியாகப் பார்த்து ஒதுக்கினாள்.

*

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் மற்றவர்கள் போனபின் மிஸ் அவளை இருக்கச் சொன்னாள்.

“ஒருதடவை நடிச்சுப் பார்ப்போம். நான் பேஷண்ட். முட்டியில ஆபரேஷன். இங்கிலீஷ் மட்டும்தான்.”

கிளாடிஸ் ஆரம்பித்தாள். பெயர் கேட்டாள். வலி கேட்டாள். கம்ப்ளெய்ன் ஆஃப் சரியாக வந்தது. வெயிட் ஃபார் வந்தது. பைக்குள் மணி ஒவ்வொன்றாக நகர்ந்தது.

மிஸ் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு நிறுத்தினாள். மேஜையைப் பார்த்தாள்.

மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாள்.

கிளாடிஸ் அடுத்த மணியைத் தொட்டாள்.

“ஐ ஹேவ் நாட் டிஸ்கஸ்ட் அபௌட் இட் வித் எனிபடி,” என்றாள் மிஸ்.

கிளாடிஸுக்கு முகம் மலர்ந்தது.

“மிஸ்! டிஸ்கஸுக்கு வால் கிடையாது! நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கே தப்பிடுச்சு பாத்தீங்களா!”

மிஸ் மேஜையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கீழே குடைக்கடையில் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

கிளாடிஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே மிஸ்ஸின் கையைப் பார்த்தாள். அது மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் தப்பவே தப்பாது. அவளுக்குத் தெரியும்.

முட்டி ஆபரேஷனுக்கு மார்பில் ஏன் கட்டி?

“மிஸ்.”

“ம்.”

“இது நடிப்புல உள்ளதா?”

மிஸ் தலையை இல்லை என்று அசைத்தாள்.

*

கிளாடிஸ் எழுந்து கதவைச் சாத்தினாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். கட்டியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். அக்குளிலும் பார்த்தாள். எப்போதிருந்து, வலிக்கிறதா, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டாள். கேள்விகள் தன்பாட்டில் வந்தன.

“என்னன்னு சொல்லுங்க சிஸ்டர்.”

“கையால சொல்ல முடியாது மிஸ். ஸ்கேன் எடுக்கணும். தள்ளிப் போடக் கூடாது. இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

மிஸ் சேலையைச் சரிசெய்தாள்.

“தமிழ்ல சொல்ல வாய் வரல. சொன்னா அது உண்மையாயிடும்போல இருந்துச்சு. இங்கிலீஷ்ல சொன்னா வேற யாருக்கோ வந்த மாதிரி.”

“எனக்குக்கூட அப்படித்தான் கேட்டுது,” என்றாள் கிளாடிஸ். சொன்னதும் குரல் உடைந்தது. “நான் வாலைப் பிடிச்சிட்டு இருந்தேன் மிஸ்.”

மிஸ் அவளைத் தேற்றவில்லை.

“நாளன்னைக்குத் திருவனந்தபுரத்துல எனக்குப் பரீட்சை,” என்றாள் கிளாடிஸ். “நீங்களும் வாறீங்க. பரீட்சை முடிஞ்ச கையோட ஸ்கேனுக்குப் போறோம். எங்க பழைய மேட்ரன் அங்க ஒரு ஆஸ்பத்திரியில இருக்காங்க, இப்பவே போன் பண்றேன்.”

“பரீட்சை நேரத்துல உங்களுக்கு இது வேற...”

“மிஸ், சும்மா இருங்க.”

மிஸ் சும்மா இருந்தாள். அன்றுதான் முதல்தடவையாக ஒரு மாணவி அவளை அப்படி அதட்டினாள்.

*

பரீட்சைக் கட்டடத்தின் வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் கிடந்த பெஞ்சில் மிஸ் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே பையைக் கொண்டுபோக விடவில்லை. பையும் அதற்குள் இருந்த ஜெபமாலையும் மிஸ்ஸின் மடியில் இருந்தன. மிஸ் மாலையை எடுத்தாள். அவளும் உருட்டினாள். அவள் சொன்னது வினைச்சொல் இல்லை.

வெயில் நகர்ந்து அவள் காலடிக்கு வந்தது.

கிளாடிஸ் வெளியே வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னாச்சு?” என்றாள் மிஸ். “வாலெல்லாம் வந்துதா?”

கிளாடிஸ் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள இருந்த அந்த அம்மா ரொம்பப் பயந்து போயிருந்தாங்க மிஸ்,” என்றாள். “முதல்தடவையா இன்சுலின் போடணுமாம். ஊசின்னா பயமாம். வீட்டுல தனியாத்தான் இருக்காங்களாம்.”

மிஸ் ஜெபமாலையை அவள் கையில் வைத்தாள்.

கிளாடிஸ் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.