மருதை இறந்த தேதி

ஒரு நகராட்சியில் குடிநீர் வால்வு திறக்கும் வேலை பார்த்த மருதை, ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. மறுமாதமே அவர் மனைவி அங்காயி கருணை அடிப்படையில் அவர் வேலையைத் தனக்குக் கேட்டு மனு கொடுத்தாள். "ஆள் செத்ததுக்கு அத்தாட்சி ஏது? ஏழு வருஷம் போகட்டும்" என்று திருப்பி அனுப்பினார் மேலாளர் சபாநாயகம்.

ஏழு வருஷம் கழித்து, இறந்தவராகக் கருதலாம் என்ற கோர்ட் தீர்ப்போடு புது மனுவும் எழுதிக்கொண்டு போய் நின்றாள். வேலையில் சேர அவளுக்கு வயது வரம்பு முடிய இன்னும் பத்தே நாள்.

சபாநாயகம் சிரித்தார். "செத்து மூணு வருஷத்துக்குள்ள மனு கொடுக்கணும்மா. ஏழு வருஷமாச்சே! தள்ளுபடி."

அங்காயி தீர்ப்பை அவர் மேஜைமேல் வைத்தாள். "அப்ப காணாமப் போன அன்னைக்கே அவரு செத்துட்டாருங்களா?"

"பின்னே?"

"அப்படின்னா நான் மறுமாசமே கொடுத்த மனு சரிதானுங்களே. இல்ல, தீர்ப்பு வந்த அன்னைக்குத்தான் செத்தாருன்னா, இந்த மனு சரி. எந்தத் தேதின்னு நீங்களே எழுதிக் கொடுங்க ஐயா."

சபாநாயகம் பேனாவைத் திறந்தார், மூடினார். எந்தத் தேதியை எழுதினாலும் வேலை கொடுத்தாக வேண்டும். கடைசியில் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு அவரே வந்துட்டா?" என்றார் எரிச்சலோடு.

"அந்த நிமிஷமே வேலையை விட்டுடறேனுங்க" என்றாள் அங்காயி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.